வீட்டுக் கணினிகள் ஒன்றுக்கொன்று தெரியவில்லையா?

1. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று ‘கெஸ்ட்’ இணைப்பில் இருந்தால் ரவுட்டரே அதைப் பிரித்து வைத்துவிடும்.

2. விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ‘பப்ளிக்’ என்றிருப்பதைப் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பப்ளிக்கில் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். இரண்டு கணினிகளிலும் மாற்றுங்கள்.

3. ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் ஷேரிங்’ இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

4. அப்படியும் தெரியவில்லையா? ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, மற்ற கணினியின் ஐபி எண்ணை (192.168.1.5 போல) தட்டுங்கள். திறந்தால் இணைப்பு சரி. பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு.

5. சோதிப்பதற்காக ஃபயர்வாலை அணைத்தால், முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள். அது இல்லாத கணினிக்குப் பாதுகாப்பு குறைவு.