தண்டனை யார் தலையில்?



சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பரின் அழைப்பை ஏற்றுப் பழனி மலையிலுள்ள வடகவுஞ்சிக்குச் சென்றிருந்தோம். காப்பியும் மலைவாழையும் கலந்த தோட்டம் ஒன்று அவருக்கு அங்கே உண்டு. பஜ்ருத் தொழுகைக்குப் பின் பேசிக்கொண்டிருந்தபோது, முந்திய வாரம் ஐந்து வாழைத்தார் களவு போனதைச் சொன்னார். சந்தேகத்தின்பேரில் ஓர் இளைஞரை வேலையிலிருந்து நிறுத்தி, அந்த வாரக் கூலியையும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"அவர் எடுத்ததைப் பார்த்தவர் உண்டா?" என்று கேட்டோம்.

"பார்க்கலை ஹஜ்ரத். ஆனா அவன் அப்பன் ஒரு காலத்திலே களவு கேஸ்லே உள்ளே போனவன். அந்த ரத்தம் எங்கே போகும்?" என்றார்.

நண்பர் தொழுகையாளி, ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். அவர் வாயிலிருந்து இச்சொல் வந்ததுதான் நம்மை உறுத்தியது. ஆனால் இது புதிய சொல் அன்று, மிகப் பழையது.

திருமறையின் யூசுப் அத்தியாயத்தில் 77 முதல் 79 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். தம்பியைத் தம்முடன் நிறுத்திக்கொள்ள யூசுப் நபி (அலை) செய்த ஏற்பாட்டின்படி, அரசரின் குவளை அந்தத் தம்பியின் மூட்டையில் கிடைக்கிறது. உடனே மூத்த சகோதரர்கள், இவனுடைய அண்ணனும் முன்பு திருடியவன்தான் என்கிறார்கள். அந்த அண்ணன் யூசுப் (அலை) தம் முன்னாலேயே இருப்பதை அவர்கள் அறியவில்லை! அவர்கள் மனம் நோகவில்லை என்பதில்லை. அதை உள்ளத்திலேயே மறைத்துக்கொண்டார்கள். பிறகு சகோதரர்கள், வயது முதிர்ந்த தந்தையை எண்ணி, தம்பிக்குப் பதிலாகத் தங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளக் கெஞ்சுகிறார்கள். பொருள் யாரிடம் கிடைத்ததோ அவரைத் தவிர வேறொருவரைப் பிடித்தால் நாம் அநீதி செய்தவராவோம் என்று யூசுப் (அலை) மறுத்துவிடுகிறார்கள். ஒருவர் தாமாக முன்வந்து நின்றாலும் பிறருடைய குற்றத்துக்கு அவரைப் பிடிக்க இயலாது எனும்போது, ஒன்றுமறியாதவரைப் பிடிப்பது எப்படித் தகும்?

நம் தமிழ் இலக்கியத்திற்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்விக்கிறான். இது எல்லோரும் அறிந்த கதை. அதற்குப் பின் நடந்ததாக அக்காப்பியம் கூறுவதைப் பலர் கவனிப்பதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டானாம். பொய் சொன்னவன் ஒருவன்; மாண்டவர் ஆயிரவர்! முதல் அநீதிக்குப் பரிகாரமென்று அதைவிடப் பெரிய அநீதி நடந்தது.

கதைதானே என்று ஒதுக்க முடியாது. வடகவுஞ்சி மலையிலிருந்து இறங்கி வத்தலக்குண்டு வழியே தெற்கே போனால் உசிலம்பட்டி வட்டாரம். 1871இல் வெள்ளையர் அரசு வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அவ்வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. ஒரு நாளும் பிறர் பொருளைத் தொடாதவரும் கைரேகை பதியவேண்டும். இரவில் காவல் கண்காணிப்பில் இருக்கவேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். பிறப்பே குற்றமாயிற்று. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்படப் பலர் மாண்டனர். மதுரையில் வக்கீல் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வழக்காடினார். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

தண்டனை எதற்கு என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். செய்த வினைக்கு உரிய பலன் என்பர் ஒரு சாரார். மற்றவர் அஞ்சித் திருந்துவதற்கு என்பர் மறு சாரார். அச்சமூட்டுவது மட்டுமே நோக்கமென்றால், நிரபராதியைத் தண்டித்தும் ஊரை நடுங்க வைக்கலாம். ஆகவே, யார் செய்தார் என்ற கேள்விதான் முதலில் நிற்கவேண்டும்.

அபூ ரிம்ஸா (ரலி) தம் தந்தையுடன் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, மகன் செய்த குற்றம் தந்தையையோ, தந்தை செய்த குற்றம் மகனையோ சாராது என்ற கருத்தை நபியவர்கள் அந்தத் தந்தையிடமே எடுத்துரைத்தார்கள்.

இது அரசர்களுக்கும் நீதிபதிகளுக்கும் மட்டும் உரிய பாடமா? இல்லை. வீட்டில் பணம் காணாமற்போனால் முதலில் வேலைக்காரப் பெண்ணின் பையைத் துழாவுகிறோம். சிறைக்குச் சென்றவரின் பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். ஒரு பிள்ளை சேட்டை செய்தால் எல்லாப் பிள்ளைகளையும் அடிக்கிறோம். மதரஸாவில் ஓதிக்கொடுத்த காலத்தில் நாமும் அப்படி அடித்ததுண்டு, அல்லாஹ் மன்னிப்பானாக!

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துச் சொன்னோம். நெடுநேரம் மௌனமாக இருந்தார். அன்று மாலையே ஆளனுப்பி அந்த இளைஞரை வரவழைத்து, நிறுத்திவைத்த கூலியைக் கொடுத்தார். மறுநாள் வேலைக்கு வரவும் சொன்னார். வாழைத்தாரை எடுத்தவர் யார் என்பது நாம் மலையிறங்கும் வரை தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்கு ஒருவரைத் தண்டிக்காமல் இருப்பதும் நீதிதான்.

தீர விசாரிக்காமல் எவர்மீதும் கை நீட்டாத, நா நீட்டாத நற்குணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.