ஒரு கிணறும் மூன்று விளக்கும்

கல்லூரியின் நேரசூசியை நோக்கின், விஞ்ஞானம் ஒரு கட்டத்திலும் பொருளியல் மற்றொரு கட்டத்திலும் தமிழும் சமயமும் வேறு கட்டங்களிலும் அடைபட்டிருத்தலைக் காணலாம். மணி அடித்ததும் ஓர் ஆசிரியர் வெளியேறுகின்றார். இன்னோர் ஆசிரியர் உள்ளே வருகின்றார். இவ்வாறு பல்லாண்டு பழகிய மாணவன், உலகமும் இப்படியே கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது என எண்ணிவிடுதல் இயல்பே. ஆயின், வாழ்க்கை மணி அடித்துப் பாடம் மாறுவதில்லை.

உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை "எங்கள் வீட்டுக் கிணறு" என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்தேன். விஞ்ஞானப் பிரிவினர் பாறையையும் நீரையும் பற்றி எழுதினர். வர்த்தகப் பிரிவினர் நீரிறைக்கும் இயந்திரத்தின் செலவையும் வெங்காயத்தின் விலையையும் எழுதினர். கலைப் பிரிவினர் பாட்டனார் துலா மிதித்த கதையை எழுதினர். ஒவ்வொரு கட்டுரையும் உண்மையையே உரைத்தது. ஒன்றேனும் முழுமையை உரைக்கவில்லை. அக்குறை மாணவருடையதன்று, கற்பித்த எம்முடையது. ஆதலின் அம்மூன்று விளக்குகளையும் ஒரு கிணற்றடியில் ஒருங்கே ஏற்றிப் பார்ப்போம்.

முதலாவது விளக்கு விஞ்ஞானம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரிக்காலத்தில் மட்டுமே ஓடுவது. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே எமது செல்வம். அம்மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகின்றது. தங்கும் இடத்திற்குக் கீழே கடல்நீர் உண்டு. நன்னீரிலும் கடல்நீர் சிறிது அடர்த்தி கூடியது. முன்னையது 1,000 எனின் பின்னையது ஏறத்தாழ 1,025. ஆதலின் நன்னீர் கடல்நீரின்மீது ஒரு வில்லை போல மிதக்கின்றது. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுக் கைபனும், 1901 ஆம் ஆண்டில் செருமனி நாட்டு ஏர்ஸ்பேக்கும் தனித்தனியே கண்டுரைத்தனர். அவர்தம் கணக்கின்படி, கடல்மட்டத்திற்கு மேலே ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். இக்கணக்கைத் திருப்பிப் படித்தல் வேண்டும். நீர்மட்டம் ஓர் அடி தாழுமாயின், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலே எழும். மேலே நாம் காணும் சிறு குறைவு, கீழே நாம் காணாத பெருங் குறைவாகும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழத்தில் உவர்நீராகவும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று. உவர் ஏறிய கிணற்றை ஒரு மாரியில் மீட்டுவிட இயலாது.

இத்துணையும் அறிந்த பின்னரும் மனிதர் ஏன் அளவு மீறி இறைக்கின்றனர்? இதற்கு விடை கூறுவது இரண்டாவது விளக்காகிய பொருளியல். உயிர்க்கு இன்றியமையாத நீர் மலிவாகவும், அத்துணைப் பயனில்லாத வைரம் விலையுயர்ந்ததாகவும் இருத்தல் என்னை என ஆதம் சிமித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வினாவினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1871 ஆம் ஆண்டில், இங்கிலாந்திற் செவோன்சும் வியன்னாவில் மெங்கரும் இதற்குத் தெளிவான விடை கண்டனர். விலையைத் தீர்மானிப்பது நீர் முழுவதன் பயனன்று. நாம் இறுதியாக அள்ளும் ஒரு வாளியின் பயனே. கிணறு நிறைந்திருக்கும்போது அந்த இறுதி வாளி அற்பம். அதனால் அதனை அற்பமாகவே மதித்து ஊற்றுகின்றோம்.

இன்னுமொன்று. எட்டுத் தோட்டங்களின் கிணறுகள் ஒரே நன்னீர் வில்லையிலிருந்து நீர் பெறுகின்றன எனக் கொள்வோம். ஒருவர் ஒரு மணி நேரம் கூடுதலாக இறைப்பின் அதன் ஊதியம் முழுவதும் அவருக்கே. அதனால் வரும் நட்டமோ எட்டாகப் பகுக்கப்படுகின்றது. ஆகவே கூடுதலாக இறைத்தலே அவர் கணக்கிற்கு இலாபம். எண்மரும் இவ்வாறே சரியாகக் கணக்கிடுவர். எண்மரும் ஒருங்கே கெடுவர். கிணறு தனித்தனி, நீர் ஒன்று. இதனை அமெரிக்க உயிரியலறிஞர் காடின் 1968 ஆம் ஆண்டில் பொதுச்சொத்தின் அவலம் என்று பெயரிட்டு எழுதினார். அரசு கட்டுப்படுத்தல் வேண்டும், அன்றேல் தனியுடைமை ஆக்கல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு.

மூன்றாவது விளக்கு பண்பாடு. காடின் கூறிய அவலம் எங்கும் நிகழ்ந்தே தீருமாயின், எம்முன்னோரின் பங்குக் கிணறுகள் என்றோ அழிந்திருத்தல் வேண்டும். அவை அழியவில்லை. உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. இன்னார்க்கு இன்ன நாள், இன்ன பொழுது என இறைப்பு முறை வகுக்கப்பட்டது. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது தொகுக்கப்பட்ட தேசவழமை, நிலத்தின் பங்கை விற்க விரும்புவோன் பங்காளிகட்கு முதலில் அறிவித்தல் வேண்டும் என விதித்தது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறையும், நீரைப் பற்றிய எம்மவர் மனப்பாங்கைக் காட்டும்.

இத்தகைய ஊர்வழமைகளின் வலிமையை உலகறியச் செய்தவர் எலினோர் ஒஸ்துரொம் என்னும் அமெரிக்கப் பேரறிஞர். 1965 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டத்திற்காக அவர் ஆராய்ந்தது நிலத்தடி நீரையே. லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த கடற்கரைப் பகுதியில், அளவு மீறி இறைத்தமையால் உவர்நீர் புகுந்தது. ஆங்குள்ளோர் ஒன்றுகூடி, அளந்து, வழக்காடி, ஈற்றில் ஓர் இணக்கத்திற்கு வந்து, ஒவ்வொருவரும் இறைக்கும் அளவைக் குறைத்துக்கொண்டனர். இசுப்பானியாவின் வலன்சியா நகரில் வாய்க்கால் நீர்பற்றிய பிணக்குகளைக் குடியானவரே தேவாலய வாயிலில் வியாழக்கிழமைதோறும் கூடித் தீர்த்துவருதலையும் அவர் எடுத்துக்காட்டினார். யார் பங்காளர் என்னும் தெளிவு, இடத்திற்கேற்ற விதி, விதி செய்வதிற் பங்காளர்க்கு உரிமை, கண்காணிப்பு, குற்றத்திற்கேற்பப் படிப்படியாக உயரும் தண்டம் ஆகியன இருக்குமிடத்துப் பொதுச்சொத்து நிலைபெறும் என நிறுவினார். பொருளியலுக்கான நோபல் பரிசு 2009 ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இங்கே பழம்பெருமை பேசி அமைதல் ஆகாது. இரண்டு உண்மைகளை ஒப்புக்கொள்ளல் வேண்டும். முதலாவது, முன்னோரின் அடக்கம் முழுவதும் அறத்தால் வந்ததன்று. உழைப்பின் எல்லையும் அதற்குக் காரணம். துலா மிதிக்க ஒருவர் இருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் நீர் மாற ஒருவர் வேண்டும். உடல் களைத்தபோது இறைப்பும் நின்றது. இயந்திரம் களைப்பதில்லை. முன்பு உடல் இட்ட எல்லையை இன்று அறிவு இடுதல் வேண்டும். அதனை நாம் இன்னும் இடவில்லை. இரண்டாவது, பங்காளர் யார் என்று வரையறுத்த அதே பண்பாடு, சாதியின் பெயரால் எத்தனையோ பேரைக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாது தாகத்தோடு நிறுத்தியது. பாறையின் கீழே நீருக்குச் சாதி இல்லை என்பதை விஞ்ஞானம் காட்டுகின்றது. ஆகவே பண்பாடு மற்றிரு விளக்குகளுக்கும் ஒளி கொடுப்பதுபோல, அவற்றிடமிருந்து ஒளி பெறவும் வேண்டியதாகின்றது.

உவர் மட்டும் இன்றைய இடரன்று. தோட்டங்களில் மிகுதியாக இடும் உரமும், கிணற்றை நெருங்கி அமைந்த மலசலகூடக் குழிகளும் நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்திற் பல கிணறுகள் அவ்வரம்பைக் கடந்துள்ளன. நிறமும் மணமும் சுவையும் அற்ற இப்பொருள், கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது. கண்ணாற் காணவியலாத இத்தீங்கை ஆய்வுகூடமே காட்டல் வேண்டும். அதைக் குறைக்கும் வழியை உரத்தின் செலவுக் கணக்குக் காட்டலாம். அயலவன் குழந்தையும் நம் குழந்தையே எனும் உணர்வைப் பண்பாடே ஊட்டல் வேண்டும்.

விழா ஆண்டிலே கல்லூரிக்கு யாது செய்வோம் எனப் பழைய மாணவர் வினாவுகின்றனர். கட்டடங்கள் எழும், எழுக. அவற்றோடு சிறியதொன்றையும் வேண்டுகின்றேன். கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவரையும் மாணவர் மாதந்தோறும் அளந்து, வாயிலருகே ஒரு பலகையில் எழுதிவரட்டும். ஒரு கயிறு, ஓர் அளவுகோல், உவர் அளக்கும் ஒரு சிறு கருவி போதும். விஞ்ஞான மாணவர் அளக்க, வர்த்தக மாணவர் கணக்கிட, கலைப்பிரிவு மாணவர் ஊரவர்க்கு விளங்கும் தமிழில் எழுதுவாராக. பழைய மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகட்கும் இவ்வழக்கத்தைக் கொண்டுசெல்வாராக. அளவறிந்த ஊரே விதி செய்ய வல்லது. அடுத்த விழாவின்போது அப்பலகையைப் படிப்போர், நாம் படித்த மூன்று பாடங்களையும் ஒரு பாடமாகக் கற்றோமோ இல்லையோ என்பதை, கிணற்று நீரைச் சுவைத்தே அறிந்துகொள்வர்.