கூடுதல் டிஸ்க் போட்டதும் கம்ப்யூட்டர் வரவில்லையா?

பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் சேமிப்பு, கடன் கணக்கை எடுக்க, அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டுவோம். சுவிட்ச் போட்டால் கறுப்புத் திரைதான் வரும். பயப்படாதீங்க, கணக்கு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூடுதல் டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றுங்க. மறுபடி சுவிட்ச் போட்டு, கம்ப்யூட்டர் வந்துவிட்டால் மெஷின் நல்லா இருக்கு. தகராறு டிஸ்க்கைச் சேர்த்ததில்தான்.

பட்டையான 40 பின் வயர் என்றால் அது ஐ.டி.இ. ஒரே வயரில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்' ஆக இருக்கணும். இரண்டுமே மாஸ்டர் என்றால் ஒரு ஊருக்கு இரண்டு நாட்டாமை கதைதான். டிஸ்க்கின் பின்பக்கம் இருக்கும் ஜம்பர் என்ற சின்னத் துண்டை, லேபிள் படத்தைப் பார்த்து மாற்றுங்க. 2003 முதல் வந்த சாட்டா டிஸ்க்குக்கு வயர் ஒல்லி; இந்தச் சண்டை கிடையாது. ஆனால் வேறு மெஷினின் விண்டோஸை அது தேடிப் போய் நின்றுவிடலாம். 'பயாஸ்' உள்ளே போய், பூட் வரிசையில் சொந்த டிஸ்க்கை முதலில் வையுங்க.

நம்ம எண்ணூர், காசிமேடு உப்புக் காற்றில் பின்னெல்லாம் களிம்பேறும். வயரைக் கழற்றி அழுத்தி மாட்டினாலே சில நேரம் சரியாகும். 'கடக் கடக்' சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திடுங்க.

கம்ப்யூட்டர் வந்தபிறகு 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே கொடுங்க. எங்க குழுவில் ரிப்பேர் செய்ய வந்தவர் 'சரி' கொடுத்துவிட்டார். ஆறு மாதத் தவணையை ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் வாங்கி மறுபடி எழுதினோம்.