கடைக்குள் கம்பியில்லாத் தொலைபேசி: போனைப் பார்க்குமுன் சர்வரைப் பாருங்கள்



சாத்தான்குளம் கடைத்தெருவில் முன்னால் மளிகை, பின்னால் கிட்டங்கி, மாடியில் கணக்குப்பிள்ளை என்று வியாபாரம் நடத்தும் அண்ணாச்சிமார் பலர். "பொன்னி எத்தனை மூடை இருக்கு?" என்று கேட்டுவரப் பையன் ஓட வேண்டும். அவன் திரும்புவதற்குள் வெளியூர் வாடிக்கையாளர் வேறு கடைக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். அதனால்தான் கடைக்குள் பேசிக்கொள்ளும் கம்பியில்லாத் தொலைபேசியை உறுப்பினர்கள் விசாரிக்கிறார்கள்.

நாமும் ஐந்து போன் வைத்தோம். ஒரே வாரத்தில் கிட்டங்கிப் போன் ஊமையாயிற்று. பொருத்தியவர்கள் போனை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் பயனில்லை. மூன்று நாள் ஆர்டர் போன பிறகுதான் தெரிந்தது, குறை போனில் இல்லை, சர்வரில் என்று. அந்தப் பாடத்தை உங்களுக்குச் சொல்கிறோம்.

சர்வர் என்பது போன்கள் கேட்பதை எடுத்துக்கொடுக்கும் கம்ப்யூட்டர். அதற்கு நான்கு வேலை. நான்கையும் ஒரே சிறு கம்ப்யூட்டர் செய்துவிடும்.

1. முகவரி கொடுப்பது (டி.எச்.சி.பி.): போனை ஆன் செய்ததும் அது தனக்கு ஒரு கதவு எண் கேட்கும். கடையில் எண் கொடுப்பவர் ஒருவரே இருக்க வேண்டும். நம் கடையில் இன்டர்நெட் ரௌட்டரும் சர்வரும் போட்டிபோட்டுக் கொடுத்தன. ரௌட்டரிடம் எண் வாங்கிய போனுக்கு, சர்வர் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. ரௌட்டரில் அந்த வசதியை நிறுத்தியதும் சரியாயிற்று. சர்வருக்கு மட்டும் மாறாத எண் வையுங்கள், உதாரணமாக 192.168.1.10. போன்களுக்கு 100 முதல் 150 வரை ஒதுக்கலாம்.

2. அமைப்பைக் கொடுப்பது (டி.எஃப்.டி.பி.): எந்தப் போனுக்கு எந்த உள் எண் என்ற விவரம் இங்கே இருக்கும். இதன் இடத்தை முகவரி சர்வரில் 66 என்ற விருப்ப எண்ணில் எழுத வேண்டும்.

3. நேரம் கொடுப்பது (என்.டி.பி.): ஆர்டர் எப்போது வந்தது என்ற வழக்கு வந்தால் இதுவே சாட்சி.

4. அழைப்பை இணைப்பது (சிப்): இதுதான் எக்ஸ்சேஞ்ச். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதிய 'ஆஸ்டரிஸ்க்' என்ற மென்பொருள் இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது.

வைஃபை போனானால் ஒவ்வொரு போனும், டெக்ட் போனானால் அதன் பேஸ் ஸ்டேஷனும் இந்த நான்கையும் தேடும்.

அடுத்தது மின்சாரம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் டெக்ட் முறையை வைத்தே 'கார்டெக்ட்' தொலைபேசியை உருவாக்கினார்கள். 2001 முதல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இன்டர்நெட் போனது அதன் வழியாகத்தான். அதில் பேஸ் ஸ்டேஷனுக்குத் தனி பிளக் இல்லை. பேச்சு போகும் கம்பியிலேயே மின்சாரமும் போயிற்று. இன்று 'பி.ஓ.இ.' ஸ்விட்ச் அதே வேலையைச் செய்கிறது. சர்வர், ரௌட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டால், கரண்ட் போனாலும் பேஸ் ஸ்டேஷன் உயிரோடிருக்கும். ஐப்பசி இடிமழைக்கு எர்த் கம்பியும் சரியாக இருக்க வேண்டும்.

பேஸ் ஸ்டேஷனை எண்ணெய் டின் அடுக்குக்குப் பின்னால் வைக்காதீர்கள். தகரமும் இரும்பு ஷட்டரும் அலையை மறிக்கும். நெருக்கி அடுக்கிய மூடைகளும் அலையைக் குறைக்கும். கிட்டங்கி நிறைந்திருக்கும் நாளில் பேசிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 101ஆம் போனுக்கு 101 என்றே ரகசியச் சொல் வைப்பது கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைகிறவர்கள் இரவோடிரவாக வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள். பில் நம் பெயருக்கு வரும். நீண்ட ரகசியச் சொல் வையுங்கள். வெளிநாட்டு அழைப்பை அடைத்து வையுங்கள். சிப் வாசலான 5060ஐ வெளியுலகுக்குத் திறக்காதீர்கள்.

எண்கள், ரகசியச் சொற்கள், எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பொருத்தியவர் ஊரில் இல்லாத நாளில் அந்த நோட்டுத்தான் கடையைக் காப்பாற்றும்.