பின்னாடி ஸ்பீக்கர் ஏன் பேசலை?

சிலமலையில் என் மாமா வீட்டு ஹால் பன்னிரண்டுக்குப் பத்தடி. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். போடியில் அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 செட்டின் நாலு சின்ன பாக்ஸும் நாலு மூலையில், சீலிங்கை ஒட்டி ஆணியில் தொங்கின. சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள், கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால். சப் ஊஃபர் டிவி மேசைக்கு அடியில்.

“மாப்ள, பின்னாடி ரெண்டும் பேசவே மாட்டேங்குது. என்னான்னு பாரு” என்றார்.

டெஸ்ட் டோன் போட்டேன். ரெண்டும் கணீரென்று பேசின. செட்டுக்கும் டிவிக்கும் நடுவே ஓடிய வயரைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது: சிவப்பும் வெள்ளையுமாக ரெண்டு பின். அந்த வயரில் இடது, வலது என்று இரண்டு தடங்கள்தான் போகும். படத்தில் ஆறு தடம் இருந்தாலும் டிவியே அதைச் சுருக்கி இரண்டாக்கித்தான் அனுப்பும். செட்டுக்குள் இருக்கும் சரவுண்ட் போர்டு இடதிலிருந்து வலதைக் கழித்து, மிச்சம் இருப்பதைப் பின்னால் தள்ளும். இரண்டிலும் ஒரே ஒலி என்றால் மிச்சம் பூஜ்யம். அஞ்சு பாக்ஸ் இருந்தால் 5.1 என்பது நம் ஊரில் வேரோடிப்போன நம்பிக்கை. ஆறு தடம் உள்ளே வந்தால்தான் 5.1. அதற்கு ஆப்டிகல் வயரோ, கோஆக்சியலோ, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யோ வேண்டும், வருவதைப் பிரித்துக் கொடுக்கும் டிகோடரும் செட்டில் இருக்க வேண்டும். மாமா செட்டில் டிகோடர் இருந்தது. ஆப்டிகல் வயர் வாங்கி வந்து மாட்டினேன்.

படம் ஓடியது. பின்னால் இப்போது லேசாக மழை கேட்டது. மாமாவுக்குத் திருப்தியில்லை. “இவ்ளோதானா?”

ஆமாம், இவ்வளவுதான். பின் ஸ்பீக்கர்கள் முன்னால் இருப்பவை அளவுக்கே எந்நேரமும் முழங்க வேண்டும் என்பது இரண்டாவது நம்பிக்கை. இதைப் புரிந்துகொள்ள மாமா வீட்டு வாசல் போதும். ஆடி மாதச் சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்காருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஒன்று மலையிலிருந்து திரும்பி வருகிறது. கண்ணை மூடிக்கொண்டே அது எங்கே வருகிறது என்று விரல் நீட்டிக் காட்டிவிடலாம். மேலக்காற்றும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எங்கே என்று காட்டுவீர்கள்? நாலு பக்கமும்தான். படத்துக்கு ஒலிக்கலவை செய்பவர் கையாள்வது இந்த இரண்டு ஜாதி ஒலிகளைத்தான். காற்று, மழை, சந்தை இரைச்சல், பாட்டின் எதிரொலி எல்லாம் மெல்லிசாகப் பக்கத்திலும் பின்னாலும் பரவும். ஜீப் மாதிரிப் புள்ளி ஒலி பின்னால் போவது எப்போதாவது, கதை கேட்கும்போது மட்டும். அடிக்கடி போனால் பார்க்கிறவன் திரையை விட்டுவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்ப்பான். இயக்குநர் சும்மா விடுவாரா?

வரலாறும் இப்படித்தான் சொல்கிறது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆரில் வந்தது. அந்த முறையில் பின்பக்கத்துக்கு ஒரே ஒரு தடம்தான். அதுவும் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அடுத்த வருடம் ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ்ஸில் வந்தபோது ஒலி சி.டி.யில் தனியாக ஓடியது. பின்பக்கம் இடது, வலது எனப் பிரிந்தது. 2012இல் ‘சிவாஜி’யின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸில் வந்தது. அட்மாஸ் தியேட்டரில் 128 தடங்கள் வரை, 64 தனித்தனி ஸ்பீக்கர் இணைப்புகள் வரை போகலாம். தலைக்கு மேலும் ஒலி வரும். எண்ணிக்கை இவ்வளவு ஏறியும் வசனம் நடுவில்தான், திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இனி அந்த ஆணி விஷயம். ஸ்பீக்கரை எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறோமோ அவ்வளவு தியேட்டர் எஃபெக்ட் என்று மாமா நம்பினார். தியேட்டரில் பார்த்ததைத்தான் அவர் வீட்டில் செய்தார், தப்பு சொல்ல முடியாது. ஆனால் தியேட்டரில் ஏன் உயரத்தில் இருக்கிறது? நூற்றுக்கணக்கான பேர் உட்கார்கிறார்கள். சுவரோர சீட்டுக்காரன் காதில் ஒரே பெட்டி அறையக் கூடாது என்று உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்க்கிறார்கள். ஒரே ஒலியைப் பல பெட்டிகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். மாமா வீட்டில் உட்காருவது மாமாவும் அத்தையும். இரண்டு தலைக்கு இந்த ஏற்பாடு எதற்கு? சீலிங் மூலையில் மாட்டினால் ஒலி மூன்று பரப்பிலும் மோதி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத கூழாகித்தான் காதுக்கு வரும்.

ஸ்பீக்கரின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது உட்காருபவரின் காது. மூக்குக்கு நேர் முன்னால் பூஜ்யம் பாகை, காதுக்கு நேராக 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். டால்பி சொல்லும் கணக்கில் 5.1க்கு முன் ஸ்பீக்கர்கள் 22 முதல் 30 பாகைக்குள், சரவுண்ட் 110 முதல் 120க்குள். அதாவது காதைத் தாண்டிக் கொஞ்சமே பின்னால். முதுகுக்கு நேர் பின்னால் இல்லை. உயரம் காது மட்டம், அல்லது அதற்கு இரண்டடி மேல். தலைக்கு மேல் தனி ஸ்பீக்கர் உள்ள அட்மாஸ் என்றால் காது மட்டமே. மாமா பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, ஒரு சணல் கயிறு கட்டி அளந்தேன். சோபா பின்சுவரோடு ஒட்டி இருந்தது. இப்படி இருந்தால் ‘பின்னால்’ என்ற இடமே கிடையாது, பேஸும் வீங்கும். இரண்டரை அடி முன்னால் இழுத்தோம். பக்கச்சுவர் ஐந்தடி தள்ளி. தலைக்கு இரண்டடி பின்னால் அந்தச் சுவரில் ஆணி அடித்தால் கிட்டத்தட்ட 110 பாகை. பழைய ஆணி ஓட்டைகளைப் பார்த்து அத்தைக்குத்தான் கோபம்.

சென்டரை ஷோகேஸிலிருந்து விடுவித்து டிவிக்குக் கீழே வைத்து, காதை நோக்கி லேசாக நிமிர்த்தினேன். “பேச்சு கேக்க மாட்டேங்குது, சண்டை வந்தா காது கிழியுது” என்று எல்லா வீட்டிலும் ஒரு புகார் உண்டு. பழி நடிகர் மேல் போகும். கலவை அறையில் திரைப்பக்கத்து ஒவ்வொரு சேனலும் 85 டெசிபலுக்கு அளந்து வைக்கப்பட்டிருக்கும், சரவுண்ட் ஒவ்வொன்றும் 82க்கு. அந்த அமைதியான அறையில் கிசுகிசுப்பும் துல்லியமாகக் கேட்கும். நாம் வால்யூமைக் குறைத்து, தலைக்கு மேல் ஃபேனை அஞ்சில் வைத்துக் கேட்கிறோம்; கிசுகிசுப்பு ஃபேனுக்குள் போய்விடுகிறது. சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். ராத்திரியில் ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள்.

வாட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்றிருந்தது; செட்டின் முதுகில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ். 230 வோல்ட்டில் அந்த ஃபியூஸ் வழியாகத் தொடர்ந்து போகக்கூடியது 230 வாட்ஸ். பெருக்கிப் பார்த்தால் போதும். கேட்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதிலும் வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

சப் ஊஃபரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பதும் பாதி உண்மை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, அதுவரை சரி. ஆனால் பன்னிரண்டடி நீள ஹாலில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி இரு சுவருக்கும் நடுவே நின்றுவிடும். ஓரிடத்தில் இடிக்கும், ஓரிடத்தில் காணாமல் போகும். அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. சப்பைத் தூக்கிச் சோபாவில், நாம் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைக்க வேண்டும். நான் தவழ்வதைப் பார்த்து அத்தை, “என்னப்பா, காசு எதுவும் விழுந்துருச்சா?” என்றார். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இடம் கிடைத்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி முட்டை அட்டை ஒட்டச் சொன்னானாம். அது கொஞ்சம் கூர்மையான ஒலியைத் தணிக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. சீக்கிரம் தீப்பிடிக்கும் வேறு. ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஜமுக்காளம் போதும்.

எல்லாம் முடிந்ததும் மாமா பென் டிரைவைச் செருகினார். ‘இளையராஜா 5.1’ என்று ஒரு ஃபோல்டர். அவர் ஊரான பண்ணைப்புரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கம் எந்தச் செட்டும் சோதிக்கப்படுவதில்லை. எழுபதுகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோவில் பதிவானவை. ‘5.1’ என்று பெயர் வைத்து உலவுவதில் அநேகம், மென்பொருளால் பிய்த்து நாலு பக்கமும் வீசியவை. தபேலா ஒரு மூலையில், குரல் இன்னொரு மூலையில், வயலின் குளியலறைக்குள். செட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றி, பழைய பதிவையே போட்டேன். குரல் முன்னால் நடுவில் வந்து நின்றது. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் வாய்மூடிக்கொண்டன.

மாமா ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “அப்ப பின்னாடி ரெண்டையும் நம்ம சின்னவன் வீட்டுக்குக் குடுத்துறவா?”