இயங்குதளம் புதுக்கல்: ஓர் ஆராய்ச்சி

இராசபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் மாணவரிடையே இவ்வாண்டு முழுதும் தீராது நிகழ்ந்த வழக்கொன்று உண்டு. திறன்பேசியின் இயங்குதளத்திற்குப் புதிய பதிப்பு வந்துளது என்று பேசி தானே அறிவிக்குங்கால், அதனை ஏற்பதா மறுப்பதா என்பதே அவ்வழக்கு. விளையாட்டாகத் தொடங்கிய இது, நாளடைவில் இரண்டு ஊராரும் இரண்டு கட்சியாகப் பிரியுமளவிற்கு முற்றிவிட்டது. இராசபாளையத்தார் பெரும்பாலும் ஏற்கும் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரார் பெரும்பாலும் மறுக்கும் கட்சி. நூலாலைகள் உடைய ஊர் புதுமையை நாடும் என்றும், ஆண்டாள் கோயில் உடைய ஊர் பழமையைப் பேணும் என்றும் இதற்குக் காரணங் காட்டுவாரும் உளர். அது நகைத்தற்கே உரியது. இரு கட்சியார் கூற்றையும் கேட்டிருந்த யாம், இவ்வழக்கின் உட்கிடை யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் இயங்குதளமாவது யாதென்பது தெளிதல் வேண்டும். திரை, நினைவகம், கேமரா, மின்கலம் முதலிய உறுப்புக்கள் ஒருபுறம். வாட்ஸ்அப், யுபிஐ முதலிய செயலிகள் மற்றொருபுறம். இவ்விரண்டற்கும் இடைநின்று, எச்செயலி எவ்வுறுப்பை எப்பொழுது ஆளலாம் என்று வரையறுப்பதே இயங்குதளமாகும். நம் நாட்டில் மிகப் பலரிடம் உள்ளது கூகுளின் ஆண்ட்ராய்டு. சிலரிடம் உள்ளது ஆப்பிளின் ஐஓஎஸ்.

இனி, புதுப்பித்தல் என்னும் ஒரே பெயரால் இருவேறு பொருள்கள் வழங்குகின்றன. இதனை நோக்காமையே நம் வழக்கிற் பாதிக்குக் காரணம் என்பது எம் கருத்து. ஒன்று, ஆண்டுதோறும் வரும் பதிப்பு மாற்றம். 2025 ஜூன் 10இல் ஆண்ட்ராய்டு 16 வெளிவந்ததும், 2025 செப்டம்பர் 15இல், 18க்குப் பின் எண்ணைத் தாவி, ஐஓஎஸ் 26 வெளிவந்ததும் இவ்வகையின. மற்றொன்று பாதுகாப்புத் திருத்தம். இதிலே தோற்றம் மாறாது. உள்ளிருக்கும் ஓட்டை அடைபடும். 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் எனப் பெயர் பெற்ற குறையொன்று ஆண்ட்ராய்டில் வெளிப்பட்டது. படச்செய்தி ஒன்றை அனுப்பிய அளவிலேயே, பெற்றவர் அதனைத் திறவாதிருப்பினும், அயலான் பேசியினுட் புகுதற்கு அக்குறை இடந்தந்தது. அதன் பின்னரே, 2015 ஆகஸ்டு முதலாகத் திங்கள்தோறும் திருத்தம் வெளியிடும் முறை தொடங்கிற்று. வீட்டிற்குச் சுண்ணாம்பு அடிப்பதும் கதவின் தாழ்ப்பாளைச் செப்பனிடுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டிற்கும் ஒரே கொத்தனாரை அழைக்கின்றோம் என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

ஏற்கும் கட்சியார் தமிழ் மாணவராதலின் நன்னூலைத் துணைக்கழைப்பர். காலவியல்பால் முன்னிருந்தவை நீங்குவதையும் புதியவை சேர்வதையும் பவணந்தியார் குற்றமென்றிலரே என்பர். குற்றமன்று என்றதனாற் கட்டாயம் என்பது யாங்ஙனம் பெறப்படும்? அன்றியும், ஒரு சொல் வழக்கொழிவது ஒருவர் ஆணையாலன்று. பேசுவோர் பலர் தாமே கைவிடுதலால் நிகழ்வது. இயங்குதளமோ கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனம் குறித்த நாளில் மாறுகின்றது. ஆதலின் இச்சான்று இவ்விடத்திற்குப் பொருந்தாது.

அவர்கள் காட்டும் மற்றொரு சான்றோ எளிதில் ஒதுக்கற்பாலதன்று. இராசபாளையத்து இராசுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவர் என்பது யாவரும் அறிந்தது. 2018 பெப்ரவரியில், ஐஓஎஸ் 11.2.5 இயங்கிய பேசிகளில் தெலுங்கெழுத்து ஒன்றாற் பெருந்தொல்லை விளைந்தது. ஜ்ஞ என்னும் கூட்டெழுத்தும், கண்ணுக்குப் புலப்படாத பிரிப்புக்குறி ஒன்றும், ஆகாரக் குறியும் ஒரு குறித்த வரிசையில் அமைந்த உருவம் செய்தியில் வந்தால், அதனைக் காட்ட முயலும் செயலி உடனே நின்றுவிடும். மீளத் திறப்பின் மீளவும் நிற்கும். அறிவிப்பாகத் திரையில் தோன்றிவிடின், பேசியின் முகப்பே திரும்பத் திரும்ப வீழும். ஞானம் என்னும் சொல்லைத் தெலுங்கர் அக்கூட்டெழுத்தால்தான் தொடங்குவர். ஞானத்தின் முதலெழுத்தே பேசியை அறிவிழக்கச் செய்தது என்று இராசபாளையத்து நண்பர் சிலர் இன்றும் சொல்லி நகைப்பர்.

இஃது ஏன் நிகழ்ந்ததெனின், நம் நாட்டு எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களைப் போல் ஒன்றன்பின் ஒன்றாக நிரல்பட நிற்பன அல்ல. தமிழிற் கொ என்பதை நோக்குக. நினைவகத்திற் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக இருக்கும்; திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்கும். தெலுங்கில் மெய்யின் அடியில் மெய் தொங்கும். இவ்வடிவங்களைக் கணித்து வரைவது இயங்குதளத்தின் தொழில். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புக்களில் இத்தொழில் நிரம்பாமையால் தமிழ் வெற்றுக் கட்டங்களாகவும், பின்னர்க் குறிகள் இடம்பெயர்ந்தும் தோன்றியதை மூத்த மாணவர் நினைவு கூர்வர். 2018இல் நிகழ்ந்த பிழையும் இக்கணிப்பிலேதான் இருந்தது. செயலிகளைத் தனித்தனியே மாற்றி அதனைத் தீர்த்தல் அரிது. 2018 பெப்ரவரி 19இல் வந்த ஐஓஎஸ் 11.2.6 என்னும் சிறு திருத்தமே தீர்த்தது. அதனை மறுத்தவர் இருந்தபடியே இருந்தாரல்லர். எவரோ ஒருவர் குறும்பாக அனுப்பும் ஓரெழுத்துக்கு அஞ்சியிருந்தார்.

இனி மறுக்கும் கட்சியார் கூற்றைக் கேட்பாம். அவர்தம் அச்சம் வெற்றச்சமன்று. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 பழைய ஐபோன்கள் சிலவற்றின் வேகத்தைக் குறைத்தது. மின்கலம் முதுமையுற்றால் அதன் உள்தடை மிகும். பேசி ஒரே நொடியில் மிகுதியாக மின்னைக் கேட்குங்கால் மின்னழுத்தம் தாழ்ந்து, பேசி திடீரென அணைந்துவிடும். இதனைத் தடுத்தற்கே வேகங் குறைத்தோம் என்பது நிறுவனத்தின் விடை. காரணம் தக்கதே. ஆயினும் அதனைப் பேசி உடையார்க்குத் தெளிவாகச் சொல்லாமற் செய்தனர். 2017 டிசம்பரில், பிறர் அளந்து காட்டிய பின்னரே ஒப்புக்கொண்டனர். இடைக்காலத்தில் எத்துணையோ பேர் தம் பேசி பழுதாயிற்றென்று கருதிப் புதியது வாங்கியிருத்தல் கூடும். மின்கலம் ஒன்று மாற்றினாற் போதியதாயிருக்கும். 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், பழைய நோட் 4 பேசிக்குத் தகாத புதுப்பிப்பை ஏற்கத் தூண்டிய சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. 2020 பெப்ரவரியிற் பிரான்சு ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ விதித்தது. இவ்வளவும் அறிந்த ஒருவர், திரையில் அறிவிப்புத் தோன்றியவுடன் விரலை எடுத்துக்கொள்வாராயின் அவரைப் பழமை விரும்பி என்று இகழ்தல் முறையாகாது.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. முன்செல்லுதல் எளிது, மீளுதல் அரிது. ஐஓஎஸ் புதிய பதிப்பு வெளிவந்து சின்னாளிற் பழைய பதிப்பிற்கு ஒப்பமிடுவதை ஆப்பிள் நிறுத்திவிடும். அதன் பின்னர் விரும்பினும் பழையதை ஏற்ற இயலாது. ஆண்ட்ராய்டில், 2016இல் வந்த 7ஆம் பதிப்பு முதலாகச் சில பேசிகள் புதியதை வேறோர் அறையில் எழுதி, அது தொடங்காதாயின் பழையதற்குத் தாமே திரும்பும். அதுவும் தொடங்காதாயின் மட்டுமே. பிடிக்கவில்லை என்பது காரணமாகக் கொள்ளப்படாது. ஐஓஎஸ் 26இன் கண்ணாடி போன்ற தோற்றத்தில், பின்னுள்ள படத்தின்மேல் எழுத்து மங்கித் தெரிகின்றதென்று பலர் முறையிட்டனர். 2025 நவம்பரில் வந்த 26.1இல் அக்கண்ணாடித் தன்மையைக் குறைத்துக்கொள்ள வழி வைத்தனர். இரண்டு திங்கள் பொறுத்திருந்தார்க்கு அத்தொல்லை இல்லாமலே போயிற்று.

நிற்க. ஏற்பதா மறுப்பதா என்று வாதிடும் நாம், அவ்வாதத்திற்கே இடமில்லாதாரை நினைக்கின்றோமா? சத்திரப்பட்டியில் விசைத்தறியிற் பேண்டேஜ் துணி நெய்வார் ஒருவர், ஐந்தாறு ஆண்டுக்கு முன் குறைந்த விலைக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு பேசியை வைத்திருக்கின்றார் என்று கொள்க. அவர் பேசியிற் புதுப்பிப்பு என்னும் அறிவிப்பு வருவதே இல்லை. கூகுள் வெளியிடும் பதிப்பைச் சில்லு செய்வோர் தம் பொருளுக்கேற்பத் திருத்திப் பேசி செய்வோர்க்குத் தருதல் வேண்டும். அவர் மீண்டும் திருத்தி வெளியிடல் வேண்டும். இவ்விடையீட்டைக் குறைக்கவே 2017இல் ஆண்ட்ராய்டு 8இன் அமைப்பை மாற்றினர். எனினும் மலிவான பேசிக்கு இத்துணை உழைப்பை நெடுங்காலம் செலவிட நிறுவனங்கள் விரும்புவதில்லை. கோயில் வீதியிற் பால்கோவா விற்பார் கடையில் தொங்கும் யுபிஐ அட்டையும், தறிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் வரும் வேலை ஆணையும் இத்தகைய பேசிகளை நம்பியே நடப்பன. செயலிகளோ பழைய தளங்களைக் காலந்தோறும் கைவிடுகின்றன. 2023 அக்டோபர் 24 முதல் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழ்ப்பட்டவற்றை விட்டது; 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1க்குக் கீழ்ப்பட்டவற்றை விட்டது. 12ஆம் பதிப்பிற்கு மேல் ஏற இயலாத ஐபோன் 6, உறுப்புக் குன்றாதிருந்தும் அன்றோடு அச்செயலியை இழந்தது. மறுக்கும் கட்சியும் ஏற்கும் கட்சியும் தத்தம் உரிமையைப் பேசுகின்றன. இவர்க்கு இரண்டு உரிமையும் இல்லை.

ஆதலின் எம் முடிபு இரு ஊராருக்கும் முழுதும் உவப்பாயிராது. பாதுகாப்புத் திருத்தத்தை வந்த வாரத்திலேயே ஏற்றல் வேண்டும். இதில் ஸ்ரீவில்லிபுத்தூரார் தம் பிடிவாதத்தை விடுக. ஆண்டுப் பதிப்பை இரண்டு திங்கள் பொறுத்து, முதற்றிருத்தம் வந்தபின், படங்களையும் குறிப்புக்களையும் வேறிடத்திற் படியெடுத்து வைத்துக்கொண்டு ஏற்கலாம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஏற்றலாகாது. இதில் இராசபாளையத்தார் தம் விரைவை விடுக. பழைய பேசியாயின் மின்கலத்தின் நிலையை முதலிற் பார்க்க. புதிது வாங்குவோர் நிறத்தையும் கேமராவையும் கேட்குமுன், பாதுகாப்புத் திருத்தம் எவ்வாண்டு வரையில் வரும் என்று கடைக்காரரைக் கேட்க. 2023 அக்டோபரிற் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியிற் கேலக்சி எஸ்24க்கும் ஏழாண்டு என்று வாக்களித்துள்ளனர். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2025 ஜூன் 20 முதற்கொண்டு, விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்தாண்டு புதுப்பிப்புத் தருதல் சட்டமாயிற்று. விலையுயர்ந்த பேசிக்குத் தரும் வாக்கைத் தறிக்காரர் பேசிக்கும் தருக என்று கேட்பதிலாவது இரு கட்சியாரும் ஒன்றுபடலாம்.

தமிழ் மாணவர்க்குச் சிறப்பாக உரிய செய்தி ஒன்று எஞ்சியுளது. பண்டைத் தமிழ்க் கணக்கிற் பயின்ற பின்னக் குறிகளும் நில அளவை, தவசம், நாணயம் முதலியவற்றின் குறிகளுமாக 51 வடிவங்கள், 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் இடம் பெற்றன. அவற்றுள் முதலாவது முந்திரி, அஃதாவது 320இல் ஒரு பங்கு. கணக்கதிகாரம் பயில்வார் அக்குறியை இன்று தட்டச்சிட்டு நண்பர்க்கு அனுப்பலாம். பெறுபவர் பேசியிலுள்ள எழுத்துரு 2019க்கு முற்பட்டதாயின் அவருக்கு வெற்றுக் கட்டமே தோன்றும். அத்தகையோர்க்கு 1/320 என்றே எழுதி அனுப்புக.