கடைசல் வேலையில் நட்டத்தைக் குறைக்கும் குறி கருவிகள்

தளபாடம், கட்டில் கால், மாடிப்படிக் கைபிடி போன்றவற்றை வியாபாரம் செய்யும் எமது சகோதரர்கள் மரத்தின் விலையையும் கூலியையும் கவனமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் கடைசல் பட்டறையில் அளவு பிழைத்து வீணாகும் மரத்தையும் நேரத்தையும் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. நீண்ட காலமாக இவ்வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில், இந்த நட்டத்தைக் குறைக்கும் சில சிறிய கருவிகளைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். இவற்றைக் கடையில் வாங்கத் தேவையில்லை. பட்டறையில் கிடக்கும் துண்டு மரத்திலேயே செய்துகொள்ளலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாடிப்படிக்கு 48 தூண்கள் கேட்டு ஓடர் வருகிறது. ஒவ்வொரு தூணிலும் மணி, பள்ளம், கழுத்து என 9 இடங்களில் கோடு போட வேண்டும். ஒவ்வொன்றையும் அடிமட்டம் வைத்துக் குறித்தால் பாஸ் 432 தடவைகள் அளக்க வேண்டும். அதில் ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம் வரவே செய்யும். தூணைத் தனியாகப் பார்த்தால் அது தெரியாது. படியில் வரிசையாக நிறுத்தியதும் தூரத்திலிருந்தே தெரியும். வீட்டுக்காரர் திருப்பி அனுப்புவார். மரம் யாருடைய கணக்கு, கூலி யாருடைய கணக்கு என்ற பேச்சு ஆரம்பிக்கும். கெட்டிக்காரக் கடைசல் பாஸ்மார் இப்பேச்சினாலேயே மனம் வெறுத்து விலகிப் போனதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

1. ஆணிப் பட்டி

ஓர் அங்குல அகலமும் அரை அங்குலக் கனமும் உள்ள நேரான மரப் பட்டி ஒன்றை எடுங்கள். நீளம், தூணில் உருண்டையாக வரும் பகுதியின் அளவுக்கு இருக்க வேண்டும். வெட்டு விழ வேண்டிய இடங்களை அதில் ஒருமுறை கவனமாகக் குறியுங்கள். குறித்த இடங்களில் பட்டியின் ஓரத்தில் சிறு துளையிட்டு ஆணி அடியுங்கள். முதலில் துளையிட்டால் பட்டி வெடிக்காது. ஆணித் தலையை வெட்டி, ஒரு நூல் அளவு வெளியே நிற்கும்படி விட்டு, அரத்தால் கூராக்குங்கள். எல்லா முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாடித் துண்டொன்றில் வைத்துப் பாருங்கள்.

மரத்தை முழுநீளமும் ஒரே பருமனில் உருட்டிய பிறகு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, உளி தாங்கியில் பட்டியைப் படிய வைத்து இலேசாகத் தொட்டால் போதும். கோடுகள் யாவும் ஒரே தடவையில் விழும். அழுத்தக்கூடாது. மணியின் உச்சி வரும் இடத்தில் ஆணி வேண்டாம், கீறல் நின்றுவிடும். அங்கே சிறு வெட்டு வைத்துப் பென்சிலால் தொடுங்கள். தூணின் மேலும் கீழும் சதுரமாக விடப்படும் பகுதிகளின் எல்லையை, மரத்தை இயந்திரத்தில் ஏற்றுமுன் மூலைமட்டத்தால் நான்கு பக்கமும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அளவு வாய்கள்

கோடு சரியாக இருந்தாலும் பருமன் மாறினால் பயனில்லை. ஒரே அளவுகோலை ஒவ்வொரு கழுத்துக்கும் மாற்றி மாற்றித் திருகுவதால்தான் பருமன் பிழைக்கிறது. ஆகவே ஒவ்வொரு பருமனுக்கும் அலுமினியத் தகட்டில் தனித்தனி வாய் வெட்டி, இலக்கமிட்டு, நூலால் ஆணிப் பட்டியோடு கட்டிவிடுங்கள். பட்டியிலும் அந்தந்தக் கோட்டருகே அதே இலக்கத்தை எழுதுங்கள். வாயின் ஓரங்களை அரத்தால் மழுக்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டே அளந்து பார்க்க வேண்டும். சாண்ட் பேப்பர் தேய்ப்புக்கு ஒரு மயிரளவு கூட்டி விடுவது நல்லது.

3. மையம் காணும் பலகை

சதுர மரத்துக்கு மூலைக்கு மூலை கோடு போட்டால் மையம் கிடைக்கும். உருண்டை மரத்துக்கு அது முடியாது. ஒட்டுப்பலகைத் துண்டொன்றில் இரண்டு சட்டங்களை 90 பாகையில் பொருத்தி, அக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வகையில் 45 பாகையில் ஓர் அடிமட்டத்தைத் திருகிவிடுங்கள். மரத்தின் முனையை மூலையில் அணைத்து ஒரு கோடு, கால்வாசி திருப்பி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே மையம். மையம் விலகினால் மரம் உருண்டையாகுமுன் பருமன் குறைந்துவிடும்.

4. பென்சில் கட்டை

தூணின் நீளத்துக்குப் பள்ளக் கோடுகள் கேட்பவர்களும் உண்டு. கட்டை ஒன்றில், கடைசல் இயந்திரத்தின் மைய உயரத்துக்குச் சரியாகத் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். இயந்திரத்தின் சுழலும் தலையில் 24 பாகமாகப் பிரித்த கடதாசி வட்டத்தை ஒட்டுங்கள். ஒரு பாகம் 15 பாகை. 24ஐ வைத்து 3, 4, 6, 8, 12 என்ற எண்ணிக்கைகளில் கோடுகளைச் சமமாகப் பிரிக்கலாம். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மரத்தைக் கையால் திருப்பி நிறுத்தி, கட்டையை இயந்திரத்தின் மேல் நேராக நகர்த்திக் கோடு போட வேண்டும்.

வியாபாரிக்கு என்ன நன்மை?

ஓடர் முடிந்ததும் பட்டியில் வடிவ இலக்கம், மரத்தின் பருமன், திகதி ஆகியவற்றை எழுதி, மாதிரித் தூண் ஒன்றோடு சேர்த்துச் சுவரில் மாட்டிவையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே வீட்டுக்காரர் மேலும் 6 தூண்கள் கேட்டாலும் அளவு கையில் இருக்கும். ஒரே மாதிரி இரண்டு பட்டிகள் செய்தால் அவசர ஓடரை இரண்டு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய நன்மை, கூலித் தகராறு குறைவதாகும். வேலை தொடங்குமுன்னரே பேசிக்கொள்ளுங்கள். பட்டிக்கும் வாய்க்கும் பொருந்தும் தூணுக்கு முழுக் கூலி. பொருந்தாததைப் பாஸ் திருத்தித் தர வேண்டும். மரத்தில் கணுவோ வெடிப்போ இருந்து கெட்டால் அது மரம் கொடுத்த வியாபாரியின் கணக்கு. இப்படித் தெளிவாகப் பேசிய இடத்தில் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வருவதில்லை.

இக்கருவிகளைச் செய்யப் பாஸுக்கு அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். அப்போது அவை உங்கள் கடைச் சொத்தாக இருக்கும். அவரும் அவற்றை அக்கறையோடு செய்து தருவார்.